மூன்றாம் நாள் எந்த எண்ணெய் கிடைக்கும்?

கரண்ட் போன அடுத்த நொடி அம்மாவின் ஆக்சிஜன் மெஷின் விடாமல் கீச்சிடும். எட்டு வருஷமாக அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் எல்லோருடைய தூக்கத்துக்குள்ளும் குடியிருக்கிறது. அடுத்த சில நிமிடங்களில் என்ன செய்வது என்பதை நான் தூக்கக் கலக்கத்திலும் செய்துவிடுவேன். ஆனால் அதற்கான ஜெனரேட்டருக்கு எந்த எண்ணெயை நம்புவது என்று முடிவெடுக்க எனக்கு ஒரு புயலும் ஒரு வருஷமும் ஆனது.

பேராவூரணிப் பக்கம் தென்னை வைத்திருக்கிறேன். பகலில் ஒரு கொப்பரை மண்டியில் கணக்கு எழுதுகிறேன். போன வாரம் மண்டிக்கு வந்த ஓர் அண்ணன், "ஜெனரேட்டர் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன் தம்பி. பெட்ரோலா, டீசலா, கேஸா? நீ எல்லாம் பார்த்தவன், சொல்லு" என்றார். எடை போட்டுக்கொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அவருக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2018 நவம்பர் 15 ராத்திரி. கஜா புயல் கரையைக் கடக்கப் போகிறது என்று கரண்டை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அம்மா நாற்பது வருஷம் விறகடுப்புப் புகையில் சமைத்தவர். நுரையீரல் கெட்டுப்போய், ஒரு நாளைக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆக்சிஜன் ஓட வேண்டும் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லி அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்களிடம் இருந்தது ஓர் இன்வெர்ட்டர், ஒரு பேட்டரி, 1,500 லிட்டர் கொள்ளும் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கியது. சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் கணக்கில், பன்னிரண்டரை மணி நேரம். 16ஆம் தேதி மதியம் இரண்டும் தீர்ந்துவிட்டன. வெளியே வந்து பார்த்தால் ஊரே படுத்துக் கிடந்தது. பட்டுக்கோட்டை போகும் ரோட்டில் அடிக்கு ஒரு தென்னை விழுந்து கிடக்கிறது. ஆம்புலன்சைக் கூப்பிட டவர் இல்லை.

எங்கள் ஊர் மைக் செட் அண்ணன் தன்னுடைய சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு, விழுந்த மரங்களின் மேலே ஏறி இறங்கி வந்தார். காசு பேச்சே எடுக்கவில்லை. அந்த உதவியை என் பிள்ளைகளும் மறக்கக் கூடாது என்று அடிக்கடி சொல்வேன்.

மெஷின் ஓடியது. பெட்ரோல்தான் தாங்கவில்லை. மணிக்கு அரை லிட்டர் குடித்தது. முதல் நாள் தெருவில் இருந்த பைக்குகளில் இருந்து ட்யூப் போட்டு இறக்கினோம். ஒரு வண்டியில் ஒரு லிட்டர், ஒரு வண்டியில் இரண்டு. இரண்டாம் நாள் அவரவர் சொந்தக்காரர்களைப் பார்க்கக் கிளம்ப வேண்டியிருந்தது. யாரிடமும் கேட்க மனசு வரவில்லை. பங்கில் தரைக்கடியில் தொட்டி நிறையப் பெட்ரோல் இருந்தது, மேலே இழுக்கக் கரண்ட் இல்லை. வேறொரு பங்கில் ஜெனரேட்டர் போட்டு ஊற்றினார்கள். அங்கே வரிசை அரை மைல் நின்றது. கேனில் தர மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை என் மச்சான் சேதுபாவாசத்திரம் பக்கத்திலிருந்து டிராக்டரில் வந்தார், வழியெல்லாம் மரத்தை வெட்டி ஒதுக்கிக்கொண்டு. டிரெய்லரில் கல்யாண வீடுகளுக்கு வெளிச்சம் போடுகிற ஒரு பழைய டீசல் ஜெனரேட்டர் செட். இறக்கி வைத்துவிட்டு டிராக்டரின் தொட்டியைத் தட்டிக் காட்டினார். "இதுல நாப்பது லிட்டர் இருக்கு மாப்ள. தீர்ந்தா அறுவடை மெஷின்ல இருக்கு." அதுவும் தீரும் சமயத்தில், அலை தூக்கிக் கரையில் வீசிய விசைப்படகின் சொந்தக்காரர் ஒருவர், தொட்டியில் மிச்சமிருந்த டீசலை இறக்கிக் கொடுத்தார். படகு உடைந்த மனிதர் அவர். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது 24ஆவது நாள். மாவட்டங்கள் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்திருந்தன, ஆட்கள் ராப்பகலாக நட்டார்கள். அதனால் அந்த 24 நாளைப் பற்றி எனக்குக் குறை இல்லை.

அப்புறம்தான் சொந்தமாக வாங்க உட்கார்ந்தேன். கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில் ஆரம்பிப்பார்கள்: யூனிட்டுக்கு எவ்வளவு ஆகும்? அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, எல்லாம் நின்றுபோன மூன்றாம் நாளில் அந்த எண்ணெய் என் வீட்டுக்கு எந்த வழியாக வரும் என்பது. அதோடு ஒட்டிய இன்னொன்றும் உண்டு: புயலே வராத பதினொரு மாதம் அந்த எண்ணெய் என்ன ஆகும்?

பெட்ரோலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் எல்லோர் மனதிலும் முதலில் வருகிறது. இயந்திரம் சின்னது, விலை குறைவு, சத்தம் குறைவு, ஒரு ஆள் தூக்கிவிடலாம். இன்வெர்ட்டர் வகை பெட்ரோல் ஜெனரேட்டர் தருகிற கரண்டும் சுத்தமானது. டிவிக்கும் ஆக்சிஜன் மெஷினுக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் பெட்ரோல் பழசாகும். இறுக்கமாக மூடாத கேனில் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும்; கார்புரேட்டரில் தங்கியது பிசின் மாதிரி காய்ந்து சின்ன ஓட்டைகளை அடைக்கும். ஆறு மாதம் கழித்துக் கயிற்றை இழுத்தால் தோள்பட்டை வலிக்கும், இன்ஜின் உறுமாது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. எத்தனால் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தொட்டியின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். கடலோரக் காற்றடிக்கும் எங்கள் ஊரில் இதைப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். பெட்ரோல் வைத்திருப்பவர்கள், உபயோகம் முடிந்ததும் எண்ணெய்க் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது எரிந்து இன்ஜின் தானே நிற்கும் வரை ஓடவிடுங்கள். கேனில் இருப்பதை மாதாமாதம் பைக்கில் ஊற்றிவிட்டுப் புதிதாக வாங்கி வையுங்கள்.

இதற்கெல்லாம் மேலே சட்டம் ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடிய பெட்ரோல் 30 லிட்டர்தான். 1934ஆம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டம் சொல்வது. காரணம் நியாயமானது, அதன் ஆவி எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப்போய்ப் பிடிக்கும். டீசலுக்கு அந்த வரம்பு 2,500 லிட்டர், எந்த ஒரு தொட்டியும் 1,000 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. நான் மண்டி டைரியில் போட்ட கணக்கு இது: அம்மாவின் மெஷின் 350 வாட். பெட்ரோலில் நாளைக்கு 15 மணி நேரம், மணிக்கு அரை லிட்டர் என்றால் ஏழரை லிட்டர். 30 லிட்டர் நான்கு நாளுக்கு வரும். எனக்கு 24 நாள் தேவைப்பட்டது. பெட்ரோலை அந்த இடத்திலேயே அடித்துவிட்டேன்.

கேஸ் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. சிலிண்டரில் அடைத்த வாயு எத்தனை வருஷம் ஆனாலும் பழசாகாது. இன்ஜின் ஆயிலும் பிளக்கும் சுத்தமாக இருக்கும். புகை நெடி குறைவு, அம்மாவுக்கு அது பெரிய விஷயம். கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் ஒன்றில் சின்ன ஜெனரேட்டர் ஏறக்குறைய 45 யூனிட் எடுக்கும். சமையலுக்குத் தருகிற 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை இதற்கு மாட்டுவது சட்டப்படி தப்பு, யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெட்ரோலுக்கென்று செய்த இன்ஜினை கேஸில் ஓட்டினால் சக்தி கொஞ்சம் குறையும். வேகமாக உறிஞ்சினால் சிலிண்டர் குளிர்ந்து, வெளியே பனி படிந்து, வாயு வருவது மந்தமாகும். சிலிண்டர் கசிந்தால் வாயு மேலே போகாது. காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தரையாகப் பரவிக் குழியில் தங்கும். இவற்றுக்கெல்லாம் வழி செய்துகொள்ளலாம். நான் விட்டது வேறு காரணத்துக்காக. கஜாவுக்குப் பிறகு சிலிண்டர் வண்டி எங்கள் ஊருக்கு வரப் பல நாள் ஆனது. வண்டி வந்து, இறக்கி, புத்தகத்தில் எழுதித் தர வேண்டிய எண்ணெய் அது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கினாலும் அவர்கள் உலை நின்றுபோகும்.

குழாய் வழியாக இயற்கை எரிவாயு வந்துவிட்ட நகரத்தில் இருப்பவர்கள் இதை வேறு மாதிரி பார்க்க வேண்டும். குழாய் பூமிக்கடியில் போகிறது, மரம் விழுந்து அறுக்காது. டெல்லியைச் சுற்றிக் காற்று மாசுக்காக டீசல் செட்டுகளை நெருக்கி, டீசலோடு கேஸையும் கலந்து எரிக்கிற முறைக்குத் தள்ளியிருக்கிறார்கள். அங்கே இருப்பவர் என் முடிவைப் பின்பற்றினால் சிக்கலில் மாட்டுவார்.

மண்ணெண்ணெய் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றுகிற செட்டுகள் ஒரு காலத்தில் கடைத்தெரு முழுக்க இருந்தன. ரேஷன் மண்ணெண்ணெய் விளக்குக்கும் அடுப்புக்கும் உரியது. அதை இன்ஜினில் ஊற்றுவது இன்னொரு வீட்டு அடுப்பிலிருந்து எடுப்பது. அந்த ரேஷனும் இப்போது சுருங்கிவிட்டது.

எங்கள் சித்தப்பா வீட்டில் சாண எரிவாயுக் கலன் இருக்கிறது, இரண்டு கன மீட்டர். ஒரு நாளைக்கு 50 கிலோ சாணம் கரைத்து ஊற்றுகிறார். "அதுலயே ஜெனரேட்டர் ஓட்டேன்டா" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட் வைத்தால் நாளைக்கு மூன்று யூனிட். அம்மாவின் மெஷினுக்கு மட்டும் ஐந்தேகால் யூனிட் வேண்டும். போதாது, அவர் வீட்டுச் சமையலும் நின்றுவிடும். தவிர, அந்த வாயுவில் இருக்கும் கந்தகக் கலப்பை இரும்புச் சீவல் நிரப்பிய குழாயில் வடிகட்டாமல் விட்டால் இன்ஜினின் உள்பாகங்களை அரிக்கும். பெரிய மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம். எண்ணெய் கொட்டிலிலேயே விளைகிறதே, எந்த ரோடு அடைத்தால் என்ன?

ஆக, டீசல். 2019இல் 5 கேவிஏ, ஒற்றை சிலிண்டர் செட் ஒன்று எடுத்தேன். ஏன் என்றால், எங்கள் ஊரில் எங்கே திரும்பினாலும் டீசல் இருக்கிறது. டிராக்டரில், அறுவடை மெஷினில், லாரியில், மல்லிப்பட்டினத்துப் படகுகளில். இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். வயலுக்கு ஆயில் இன்ஜின் ஓடிய காலத்திலிருந்து டீசலைப் பீய்ச்சுகிற முனையான நாசிலைக் கழற்றிப் பழகிய கை. பேட்டரி செத்தாலும் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம் என்று பார்த்துத்தான் அந்த மாடலை எடுத்தேன்.

ஆனால் முதல் வருஷம் அந்த செட்டை நானே கெடுக்கப் பார்த்தேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வாங்கும்போது ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

5 கேவிஏ என்றால் ஏறக்குறைய 4 கிலோவாட். நான் கரண்ட் போகும்போதெல்லாம் அம்மாவின் மெஷின், ஒரு ஃபேன், இரண்டு லைட் மட்டும் போட்டு ஓட்டினேன். டீசலை மிச்சப்படுத்துவதாக நினைப்பு. அதன் தெம்பில் பத்தில் ஒரு பங்குதான் வேலை. சில மாதத்தில் சைலன்சர் வாயில் தார் மாதிரி கறுப்பாக வழிய ஆரம்பித்தது. புகை வெள்ளையாகக் கண்ணை எரித்தது. மெக்கானிக் வந்து விரலால் தொட்டுப் பார்த்து, "இது ஆயில் இல்ல தம்பி, எரியாத டீசலு. மாட்டுக்கு வேலையும் குடுக்கணும், சும்மா கட்டிப்போட்டுத் தீனி போட்டா நோவு வந்துரும்" என்றார். டீசல் இன்ஜினில் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். லோடு ரொம்பக் குறைவாக இருந்தால் இன்ஜினின் சிலிண்டர் போதிய சூட்டுக்கு வராது. பாதி எரிந்த டீசலும் கரியும் நாசிலிலும் பிஸ்டன் ரிங்கிலும் படிந்து, மிச்சம் சைலன்சர் வழியாக ஒழுகும். குறைந்தது மூன்றில் ஒரு பங்கு லோடாவது எப்போதும் இருக்க வேண்டும். அன்று மோட்டார், அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் எல்லாம் போட்டு மூன்று மணி நேரம் முழு லோடில் ஓட்டினோம். முதலில் கன்னங்கரேலென்று புகைந்து, அப்புறம் தெளிந்தது.

காசிலும் அது தண்டம். அந்த 350 வாட்டுக்கு மணிக்கு அரை லிட்டருக்கு மேல் டீசல் போனது. 2025இல் லிட்டர் 92, 93 ரூபாய். அந்தக் கணக்கில் யூனிட்டுக்கு 150 ரூபாய் வந்தது. அதே செட்டில் இரண்டரை கிலோவாட் போட்டால் ஒரு லிட்டரில் ஒரு மணி நேரம், யூனிட் 37 ரூபாய். எண்ணெய் ஒன்றுதான், இன்ஜின் ஒன்றுதான், ஓட்டுகிற விதத்தில் நான்கு மடங்கு வித்தியாசம். பெட்ரோல் செட்டின் குணம் வேறு. சின்ன லோடில் சாதுவாக ஓடும். மூன்று வாட்ச்மேன் லைட்டுக்காக யாராவது டீசல் செட் வாங்கப் போனால் கையைப் பிடித்து நிறுத்துவேன்.

இப்போது நாங்கள் செய்வது இப்படி. இன்வெர்ட்டருக்கு இரண்டு 150 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி. நீண்ட கட் என்றால் டீசல் செட்டைக் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் ஓட்டுவோம். ஓடும்போது ஒன்றரை ஹெச்பி சப்மெர்சிபிள் மோட்டார், ஃபிரிட்ஜ், மிக்ஸி, பேட்டரி சார்ஜ், அம்மாவின் மெஷின் எல்லாமே ஓடும். மோட்டார் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். 5 கேவிஏ எடுத்ததற்கு அதுவும் காரணம்; சின்ன பெட்ரோல் செட் அந்த இடத்தில் படுத்துவிடும். செட் நின்றிருக்கும் நேரத்தில் அம்மாவின் மெஷின் பேட்டரியில். இரண்டையும் தாண்டிய அவசரத்துக்கு 7,000 லிட்டர் பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, அது மட்டுமே 58 மணி நேரம். டீசல் செலவு ஒரு நாளைக்கு ஆறு லிட்டர்.

டீசலும் அப்படியே கிடந்தால் கெடும், பெட்ரோலை விட மெதுவாக. கேனின் உள்சுவரில் ஈரம் வேர்த்து அடியில் இறங்கும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புச் சளியாகத் திரளும். ஃபில்டர் அடைத்தால் இன்ஜின் சரியாக அவசர நேரத்தில் திணறும். அதனால் எந்த கேனும் மூன்று மாதத்துக்கு மேல் வீட்டில் இருப்பதில்லை. மச்சானின் டிராக்டருக்குப் போய்விடும், புதிதாக நிரப்பி வைப்பேன். அடியில் இரண்டு விரல் அளவு டீசலை ஊற்றாமல் தனியாக வடித்துவிடுவோம்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் இரண்டு விஷயத்தில் யாரும் அசட்டையாக இருக்கக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கஜா சமயத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு குடும்பம் மழைக்குப் பயந்து பெட்ரோல் ஜெனரேட்டரைத் திண்ணையில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டது. நடு ராத்திரி குழந்தை வாந்தியெடுத்து அழுததால் எழுந்தார்கள். எல்லோருக்கும் தலை பிளக்கிற வலி. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழந்தை அழாமல் இருந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. எங்கள் செட் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி இருக்கிறது.

இன்னொன்று, வெளி லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஜெனரேட்டர் வயரை நேரே பிளக் பாயின்ட்டில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே ஏறி, டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனால் அங்கே தலைகீழாக 11,000 வோல்ட்டாக மாறும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர், எங்கேயோ ஒரு மாவட்டத்திலிருந்து நமக்காக வந்தவர். சுவிட்சுக்கு ஆகும் சில ஆயிரத்தைச் செலவு என்று நினைக்காதீர்கள்.

மண்டிக்கு வந்த அண்ணனுக்குக் கடைசியில் நான் டீசல் சொல்லவில்லை. அவருடையது பேராவூரணி டவுனுக்குள் ஒரு கூல்ட்ரிங்ஸ் கடை, ஒரே ஒரு ஃபிரிட்ஜ், நான்கு லைட். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும்போதுதான் அவருக்குத் தேவை. பங்க் பத்துக் கடை தள்ளி இருக்கிறது, அங்கே சொந்த ஜெனரேட்டரும் இருக்கிறது. இன்வெர்ட்டர் வகை பெட்ரோல் செட், மாதாமாதம் ஓடுவதால் பழசாகிற கவலையும் இல்லை. "அப்ப உங்க வீட்டுல மட்டும் ஏன் டீசல்?" என்றார். கடை மூடினால் அவருக்கு ஒரு நாள் வியாபாரம் போகும் என்றேன். மேலே சொல்லவில்லை, அவரும் அம்மாவை அறிந்தவர்.

2023 ஜூலையிலிருந்து புது டீசல் செட்டுகளுக்குப் புகைக் கட்டுப்பாடு கூடியிருக்கிறது, விலையும் கூடிவிட்டது. புகை குறைவது நல்லதுதான், புகையால் நுரையீரல் போன வீட்டில் இருந்து சொல்கிறேன். அதனால் பழைய செட்டை ஒழுங்காகப் பராமரித்து, தேவைக்கு மட்டும் ஓட்டுகிறேன்.

ஐப்பசி பிறந்துவிட்டது. நேற்று சாயந்திரம் செட்டை அரை மணி நேரம் மோட்டார் லோடில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது, புகை சுத்தம். கொட்டகையில் 35 லிட்டர் கேன் மூன்று இருக்கிறது, மேலே மார்க்கரில் தேதி போட்டு. மூன்றும் நிறைந்தால் 17 நாள் வரும். ஒரு கேன் ஜூலையில் வாங்கியது, மச்சானுக்குப் போக வேண்டியது. வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொல்கிறார்கள். நாளை காலை மண்டிக்குப் போகிற வழியில் அதை மாற்றிவிட வேண்டும்.